வீட்டுப் பிள்ளைக்குக் கடைசியாக

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. கல்யாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் மாமிமார் என் முழங்காலில் கையை வைத்து அழுத்துவார்கள். "பிள்ளை, காலை ஆட்டாதை, கதிரையெல்லாம் ஆடுது." நிறுத்துவேன். ஒரு நிமிடம் போக மற்றக் கால் தொடங்கும். எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரைக்கும் நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஓடிய உடம்பு இது. விட்டு மூன்று குளிர்காலம் போய்விட்டது. உடம்பு இன்னும் நம்பவில்லை.

மலை உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிற சறுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது வசதியானவர்களின் விளையாட்டு, ஏறுவதற்கும் கம்பியில் கதிரை தொங்கும். எங்களுடையது காட்டுக்குள்ளே, ஏற்றமும் இறக்கமுமாய்ப் போட்ட தடத்தில், இரண்டு கையிலும் கோல் ஊன்றி, வாயில் இரத்த ருசி வரும்வரைக்கும் ஓடுகிற சறுக்கு. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு உது எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். நோர்வேக்காரர் ஆச்சரியப்பட்டுக் கேட்பார்கள், எங்கள் ஆட்கள் பாவப்பட்டுக் கேட்பார்கள். இரண்டும் எனக்கு எரிச்சல். ஒஸ்லோவின் ஓரம், ட்வெய்ட்டாவில், அடுக்குமாடிக்குப் பின்னால் காடு தொடங்குகிறது, காட்டில் நவம்பரிலிருந்து பனி கிடக்கிறது, பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஸ்கீப் பலகை தந்தார்கள். எனக்கு முன்னால் போனவர்களை முந்தினேன். முந்தியபோது நன்றாக இருந்தது. வேறு காரணம் கிடையாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அப்பாவைப் பற்றி.

இங்கே சறுக்குக் கழகத்தில் பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோரும் சேர்ந்த மாதிரித்தான். சம்பளமில்லாத வேலை ஏதாவது ஒன்று தலையில் விழும். டுக்னாட் என்பார்கள். ஒருவர் கேக் செய்து விற்பார், ஒருவர் கொடி பிடிப்பார், ஒருவர் கார் நிறுத்த இடம் காட்டுவார். அப்பாவுக்கு அந்த நாட்களில் நொர்ஸ்க் மொழி சரளமில்லை. கூட்டத்தில் பேசத் தேவையில்லாத வேலை எது என்று யோசித்திருப்பார்கள் போல, அவரை மெழுகுக் குடிசைக்கு, ஸ்கீக்கு மெழுகு பூசுகிற இடத்துக்கு, அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஸ்கீயின் அடிப்பக்கத்துக்கு இரண்டு வேலை. முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். நடுவில், பாதத்துக்கு நேர் கீழே, பனியைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஏற்றத்தில் உதைக்க உதைக்கக் கால் பின்னுக்கு வழுகும். அளவுக்கு மிஞ்சிப் பிடித்தால் பனி கட்டிகட்டியாய் அப்பி, சேற்று வயலில் செருப்போடு நடக்கிற கதைதான். எந்த மெழுகு, எத்தனை பூச்சு என்பதை அன்றைய பனிதான் சொல்லும். வெப்பநிலை பூச்சியத்தில் நின்றுகொண்டு ஈரப்பனியும் கொட்டத் தொடங்கினால், முதல் நாள் பூசியதெல்லாம் வீண்.

அப்பாவுக்கு வேலை, கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில். பூச்சுக்கு மேல் பூச்சு எப்போது வைக்கலாம், எந்த ஈரத்தில் எது பிடிக்காது என்பது அவருக்குக் கைப்பழக்கம். இரண்டு குளிர்காலம் போக, கழகத்தில் எல்லாரும் அவரிடம்தான் ஸ்கீயைக் கொண்டுவந்தார்கள். குனிந்து ஒரு பிடி பனியை அள்ளி, உள்ளங்கையில் அமத்தி, விரலால் பிசைந்து பார்ப்பார். பிறகு ஒரு மெழுகின் நிறத்தைச் சொல்வார். வைத்தியர்களும் பொறியியலாளர்களுமான தகப்பன்மார் சுற்றி நின்று தலையாட்டுவார்கள். இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் ஒரு யோசனை கேட்டதில்லை. குடிசைக்குள் அவர் நிற்கிற நிற்பே வேறு. எனக்குப் பெருமையாய்த்தான் இருந்தது.

ஒரு விஷயத்தைத் தவிர. என்னுடையதை அவர் கடைசியாகத்தான் செய்வார்.

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. கோயில் அன்னதானத்தில் அப்பா பரிமாறினால் நாங்கள் கடைசிப் பந்தி, அதுவும் மிச்சம் இருந்தால். மண்டபம் எடுத்துச் செய்த என் பத்தாவது பிறந்தநாளில் எனக்கு ஒரு ரோல்ஸ்கூடக் கிடைக்கவில்லை. அப்பா தட்டோடு ஓடி ஓடி எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, வெறுந்தட்டோடு வந்து, "வந்த சனம் வயிறாரச் சாப்பிட்டுது, அது காணும்" என்றார். குடிசையிலும் அதே ஒழுங்கு. சுவரில் சாத்திக் கிடக்கும் ஸ்கீக்கள் ஒவ்வொன்றாய் மேசைக்கு ஏறும், இறங்கும். என்னுடையது மூலையில் நிற்கும். பதின்மூன்று வயதில் ஒருநாள் கேட்டேன், ஏன் என்று.

"அவையள் எங்களை நம்பித் தந்தவை. நீ வீட்டுப் பிள்ளைதானே, பொறுப்பாய்" என்றார்.

பொறுத்தேன். நேரம் இருந்த நாட்களில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பத்தொன்பது வயதில் கெட்டது. இளையோர் அணியில் வெளிநாட்டுப் போட்டிக்குப் போக ஆறு இடம். ஐந்து முடிவாகிவிட்டது. ஆறாவது இடம் எனக்கா, என் கழகத்திலேயே இருந்த என் வயதுப் பெண் ஒருத்திக்கா என்பது அந்த ஞாயிறு ஓட்டத்தில் தெரிய வேண்டும். பயிற்சியாளர் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தே சொன்னார். அந்தக் கிழமை முழுக்க நான் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. வகுப்பில் இருக்க முடியாமல் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். அம்மா, "உனக்கென்ன விசரே, ஒரு இடத்திலை இரன்" என்று கத்தினார்.

ஞாயிறு காலையில் உறைபனி. ஓட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் வானம் இருண்டு ஈரப்பனி கொட்டத் தொடங்கியது. பூசியதையெல்லாம் வழித்தெடுத்துத் திரும்பப் பூச வேண்டும். எங்கள் கழகத்தில் ஆறு பேர் ஓடினோம். அப்பா முதலாவதை எடுத்தார், இரண்டாவதை எடுத்தார். அந்தப் பெண்ணுடையதை நாலாவதாக எடுத்து, சூடு காட்டி, பெருவிரலால் தடவித் தடவி, பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதுபோல் செய்தார். நான் கதவடியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையது மேசைக்கு ஏறியபோது என் தொடக்கத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. வழித்தெடுக்க நேரமில்லை, மேலால் எதையோ இழுத்துவிட்டு, "ஓடு, ஓடு" என்றார்.

முதல் ஏற்றத்திலேயே பனி அப்பிவிட்டது. நின்று, கோல் நுனியால் சுரண்டிவிட்டு ஓடினேன். திரும்ப அப்பியது. நாலு செக்கனால் இடம் போனது. அவள் முடிவுக் கோட்டில் அப்பாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். நான் ஸ்கீயைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தேன்.

காருக்குள் நான் வாயை மூடவில்லை. அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். அம்மா முன் இருக்கையிலிருந்து, "உங்களுக்கு ஊரெல்லாம் பிள்ளையள். பெத்தது மட்டும் பிறத்தி" என்றார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"உங்களுக்கு வெள்ளையளுக்குப் பயம் அப்பா. என்ரையை முதல் செய்தால் என்ன நினைப்பினமோ எண்டு பயம்."

அவர் கண்ணாடித் துடைப்பானை ஒரு படி கூட்டினார். பிறகு, "ஓம். அதுவும் இருக்கு" என்றார்.

மறுத்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். ஒத்துக்கொண்ட மனிதரோடு என்ன செய்வது. அந்த ஆவணியில் துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போனேன். இயன்மருத்துவம் படிக்க என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் சம்பளத்துக்கு மெழுகு பூசும் ஆட்கள் இருக்கும் கழகம் ஒன்று அங்கே என்னை எடுத்திருந்தது. நத்தார் விடுமுறைக்கு வரும்போது ஸ்கீயைப் பலகணியில் வைப்பேன். அப்பா தேநீர்க் கோப்பையோடு அங்கே போய் நிற்பார், அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தொட்டுப் பார்ப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து, "அதிலை கை வைக்காதேங்கோ" என்பேன். எடுத்துவிடுவார்.

நான் போன பிறகும் அவர் குடிசையை விடவில்லை என்பதுதான் என்னை அரித்தது. அவருக்கு அங்கே இனிப் பிள்ளை இல்லை, டுக்னாட் இல்லை. ஆனாலும் சனி ஞாயிறு முழுக்க அங்கேதான் என்று அம்மா தொலைபேசியில் சொல்வார். ஒரு சின்னப் பெண் வளர்ந்து வருகிறாளாம், நான் இருந்த நாளில் ஏழு வயதில் குடிசைக்கு வரத் தொடங்கியவள், நல்ல உதையாம். அப்பா அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வார். எனக்குப் பொறாமை. வேறு பெயர் வைத்து மினுக்க மாட்டேன். ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து, இன்னொருத்தியின் ஸ்கீக்கு என் அப்பா கொடுக்கும் ஐந்து நிமிடத்துக்காகப் பொருமினேன்.

இருபத்துமூன்று வயதில் தேசியப் பயிற்சி அணியில் ஒரு இடம் வெறுமையானது. ஒன்றே ஒன்று. அதற்குள் போனால் உலகப் போட்டிகளுக்கு வழி உண்டு. போகாவிட்டால் என் வயதுக்கு இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். திராமன் நகரத்துக்கு மேலே மலைக்காட்டில் தெரிவு ஓட்டம். மூன்று பேரில் ஒருத்திக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி நான், ஒருத்தி வடக்கிலிருந்து வந்தவள். மற்றவள் பத்தொன்பது வயதான அந்தச் சின்னவள்.

அன்றும் பூச்சியத்தில்தான் வெப்பநிலை. இந்த விளையாட்டில் முக்கியமான நாட்களெல்லாம் ஏன் பூச்சியத்தில் வந்து நிற்கின்றனவோ தெரியாது. ஸ்கீயைப் போட்டு ஏற்றத்தில் சோதித்துப் பார்த்தேன், வழுகியது. எங்கள் கழகத்தில் மெழுகு பூசுகிறவரிடம் ஓடினேன். அவர் கையில் எட்டுப் பேருடையது. உன் முறை வரும்வரைக்கும் நில், ஸ்கீ சரியாய்த்தான் இருக்கிறது, உனக்குத்தான் பதற்றம் என்றார். பதற்றம் உண்மை. ஸ்கீ வழுகியதும் உண்மை. தொடக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

பழைய கழகத்தின் கூடாரம் நாற்பது அடி தள்ளி. நான் யோசித்துப் போகவில்லை, கால் போனது. உள்ளே அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேசையில் சின்னவளின் ஸ்கீ. அவள் பக்கத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டு சிரித்தாள். அவளுக்கு என் இலக்கத்துக்கு ஒரு நிமிடம் கழித்துத் தொடக்கம்.

அங்கே யாருக்கும் விளங்கக் கூடாது என்று தமிழில் சொன்னேன். "அப்பா, என்ரையை முதல் செய்யுங்கோ."

திரும்பிப் பார்த்தார். நாலு வருடம் தொட விடாதவள் ஸ்கீயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறேன்.

"இது அவளின்ரை. தொடங்கிட்டன். ஐஞ்சு நிமிசம் பொறு பிள்ளை."

"பதினாலு வருசமாப் பொறுத்திட்டன்."

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாய்ச் சொன்னேன். "ஒருக்கா அப்பா. ஒரே ஒருக்கா."

சின்னவளின் ஸ்கீயைத் தூக்கி மூலையில் சாத்தினார். இரண்டு நிமிடம் என்று அவளிடம் நொர்ஸ்கில் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் சொன்னால் அவளுக்கு அது இரண்டு நிமிடம்தான்.

ஒன்பது நிமிடம் எடுத்தது. அரைகுறையாய்ச் செய்ய அந்த மனிதருக்குத் தெரியாது. முழுக்க வழித்து, அடிப்பூச்சு வைத்து, வெளியே கொண்டுபோய்க் குளிரவிட்டு, மேற்பூச்சு வைத்தார். ஒருதரமும் நிமிரவில்லை. கடைசியில் ஸ்கீயை என் கையில் தரும்போது, "போ" என்றார். அவ்வளவுதான்.

அப்படி ஒரு ஸ்கீயை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஏற்றத்தில் உதைத்த இடத்தில் நின்றது, இறக்கத்தில் விட்ட இடத்தில் பறந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் வடக்குக்காரியை முந்தினேன். கடைசி ஏற்றத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கால் மட்டும் தன்பாட்டில் ஓடியது. கோட்டைத் தாண்டி விழுந்து, பனியில் முகம் புதைத்துக் கிடந்தேன். பலகையில் என் பெயர் மேலே ஏறியது.

பிறகு சின்னவள் வந்தாள். கடைசி வளைவில் அவள் கால் பின்னுக்கு வழுகுவதைப் பார்த்தேன். அந்த வழுகல் எனக்கு நன்றாய்த் தெரியும். எத்தனை செக்கனால் அவள் எனக்குப் பின்னால் வந்தாள் என்பதும் தெரியும், எழுதப் போவதில்லை.

இடம் எனக்கு. எனக்குச் சந்தோஷமாய் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பயிற்சியாளர் கட்டிப்பிடித்தார், யாரோ படம் எடுத்தார்கள். நான் அப்பாவைத் தேடினேன். வாகனத் தரிப்பிடத்தில் சின்னவளுக்கும் அவளுடைய தகப்பனுக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், தலைமயிரில் பனி விழுந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கிறார் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அந்தத் தகப்பன் அவர் தோளில் தட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே அழுதாள்.

கழக வாகனத்தில் போகாமல் அவரோடு காரில் ஏறினேன். ட்வெய்ட்டா வரைக்கும் முக்கால் மணித்தியாலம்.

"இடம் கிடைச்சிட்டுது அப்பா."

"ஓம், கேட்டனான். வடிவா ஓடினாய்."

"ஸ்கீ அப்படி இருந்தது."

சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்த பிறகு, "அவளின்ரை மேசையிலை கிடந்தது, பிள்ளை. நான் தூக்கி வைச்சனான்" என்றார். கோபமில்லை, குறையில்லை. நடந்ததைத் தனக்கே ஒருதரம் சொல்லிப் பார்த்த மாதிரி.

அடுத்த கிழமை குடிசைக் கதவின் திறப்பைக் கழகத்தில் கொடுத்துவிட்டார். முதுகு நோவு என்று சொன்னாராம். அவருக்கு முதுகு நோவு இல்லை. "எத்தனை தரம் கேட்டும் அவர் போகேல்லை, சனிக்கிழமையிலை வீட்டுக்குள்ளை நிண்டு என்ரை அலுமாரியளை ஒதுக்கிறார்" என்று அம்மா புறுபுறுத்தார். நான் தொலைபேசியில், போங்கோ அப்பா, போய் நில்லுங்கோ என்று சொன்னேன். பார்ப்பம் என்றார். போகவில்லை.

அணியில் இரண்டு வருடம் இருந்தேன். வெளிநாட்டுப் பனி பார்த்தேன், தொலைக்காட்சியில் நாலைந்து தரம் முகம் வந்தது, எங்கள் சனம் முகநூலில் பகிர்ந்து மகிழ்ந்தது. முதல் பத்துக்குள் ஒருநாளும் வரவில்லை. பிறகு இடுப்பு மூட்டு போனது. இப்போது ஒஸ்லோவில் மற்றவர்களின் இடுப்பைப் பார்க்கிறேன், நோயாளி படுத்திருக்க நான் கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டே பேசுகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் சின்னவளைச் சந்தித்தேன். மின்வேலைக்காரரின் உடுப்பில் இருந்தாள், இடுப்பில் கருவிப் பட்டி. நல்ல சிரிப்பு, அதே சிரிப்பு. எப்போது விட்டாய் என்று கேட்டேன். அந்த வசந்தத்திலேயே என்றாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், அந்த ஓட்டத்தால் இல்லை, எப்படியும் போதுமென்று ஆகியிருந்தது என்றாள். இடுப்பு மூட்டுப் போனபோது எல்லாருக்கும் நானும் அப்படித்தான் சொன்னேன், ஆகையால் எனக்குத் தெரியும். உன் அப்பா எப்படி இருக்கிறார், அவர் கைக்கு இன்னொரு கை இல்லை என்றாள். சுகமாய் இருக்கிறார் என்றேன். நிற்க முடியவில்லை, ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

குளிர்கால ஞாயிறுகளில் அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். ஓட்டம் தொடங்கும் முன் பெயர்கள் ஓடும். நான் குசினிக்கும் கூடத்துக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பேன். கழகத்துக்குப் போகாதவர், அங்கே யாரையும் விசாரிக்க வெட்கப்படுகிறவர், என்னிடம் மட்டும் கேட்பார். ஒவ்வொரு வருடமும் கேட்பார்.

"சின்னவள் ஓடுறாளோ?"

"ஓம் அப்பா, ஓடுறாள். இந்த முறை முழங்காலிலை ஏதோ சின்னக் காயமாம்."

"மாறீடும். நல்ல உதை அவளுக்கு. வருவாள்."

"ஓம்."

நான் சொன்ன பிறகும் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் ஓடும் பெயர்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் வாசிப்பார். கடைசிப் பெயர் போகும்வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டார்.